லாரி எலக்ட்ரீஷியன் படகுல கை வெச்ச கதை: சின்ன கேபின் போட்ல லைட்டும் வயரிங்கும் மாத்துறது எப்படி

நான் சங்ககிரியில வேலை பழகுனவன், இப்போ சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் சொந்தமா பட்டறை. டாரஸ், டிப்பர், போர்வெல் வண்டின்னு இருபது வருஷமா வயரிங் பண்ணிட்டிருக்கேன், படகுல கை வெப்பேன்னு கனவுல கூட நெனச்சதில்ல. பக்கத்து செட்ல கேட், கிரில் அடிக்கிற அண்ணன் ஒருத்தரு அவரு மச்சானோட கூட்டா கேரளாவுல வைக்கம் பக்கம் ஒரு பழைய 22 அடி ஃபைபர் கேபின் போட் வாங்கி வெச்சிருந்தாரு (வைக்கம்னா நமக்கெல்லாம் பெரியார் ஞாபகம் வரும், இவருக்கு கரிமீன்). மழை சீசன்ல சும்மா தானே கெடக்குதுன்னு லாரியில ஏத்தி வாளையார் வழியா கொண்டாந்து செட்ல எறக்கிட்டாரு. வெல்டிங் வேலை அவரு, வயரிங் என் தலையில. "தம்பி, வண்டி மாதிரி தானே, ரெண்டு நாள் வேலை"ன்னாரு. பதினோரு நாள் ஆச்சு.

ஏன் ஆச்சுன்னா படகு வண்டி மாதிரி இல்ல. நம்ம ஊர்ல யாராவது இந்த மாதிரி வேலையில மாட்டுனா எனக்கு ஆன தண்டச் செலவு அவங்களுக்கு ஆகக்கூடாதுன்னு தான் இத எழுதறேன்.

முதல் விஷயம், லாரிக்கடை சாமான வாங்காதீங்க. நம்ம லாரிங்க பெரும்பாலும் 24 வோல்ட், இந்த சைஸ் படகு 12 வோல்ட். நான் பழக்க தோஷத்துல பட்டறையில இருந்த பல்ப எடுத்து மாட்டிட்டு ஏன்டா இவ்ளோ டல்லா எரியுதுன்னு அரை மணி நேரம் பேட்டரிய திட்டிட்டிருந்தேன். ரெண்டாவது விஷயம் அத விட பெருசு, பாடி எர்த். லாரியில ஒரு வயர லைட்டுக்கு இழுத்தா போதும், ரிட்டன் சேசிஸ் வழியா தானா வந்துரும், நம்ம கையி அப்படியே பழகிருக்கு. ஃபைபர் படகுல சேசிஸே கெடையாது, ஒவ்வொரு லைட்டுக்கும் போற வயர் ஒண்ணு, வர்ற வயர் ஒண்ணு, ரெண்டும் இழுத்தே ஆகணும். அலுமினிய படகா இருந்தா உடம்பு தான் உலோகமாச்சேன்னு அதுல எர்த் குடுத்துறாதீங்க, தண்ணிக்குள்ள நிக்கிற உலோகத்துல கரண்ட் ஓடுனா கொஞ்ச நாள்ல ஓட்டை விழுந்துரும்.

இந்த ரிட்டன் வயர் தான் எல்லா வில்லங்கத்துக்கும் காரணம், அத பின்னாடி விலாவாரியா சொல்றேன்.

முதல்ல பேட்டரிய கழட்டுங்க, மைனஸ் முன்னாடி, பிளஸ் பின்னாடி. திருப்பி மாட்டும்போது பிளஸ் முன்னாடி, மைனஸ் பின்னாடி. கழட்டுன உடனே எதையும் வெட்டாம எல்லா எடத்தையும் ஃபோன்ல போட்டோ எடுத்துக்குங்க, அப்பறம் ஒரு பெரிய சார்ட்ல படகோட மேல்பார்வை வரைஞ்சு எங்க எங்க லைட், பம்ப், ஸ்விட்ச், ஹாரன்னு குறிங்க. நான் வரையாம ஆரம்பிச்சேன், மூணாவது நாள் எல்லாத்தையும் நிறுத்திட்டு உக்காந்து வரைய வேண்டியதா போச்சு.

பழைய வயர் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க. யாரோ வீட்டுக்கு போடற ஒத்தக் கம்பி வயர போட்டு, முறுக்கி, மேல கருப்பு டேப் சுத்தியிருக்காங்க. டேப் பசை உருகி கையில ஒட்டுது. வெளிய பாத்தா வயர் புதுசு மாதிரி இருக்கு, ஆனா ஒரு இன்ச் தோல உரிச்சா உள்ள செம்பு கரி மாதிரி கருப்பு, இன்னும் ரெண்டு இன்ச் உரிச்சேன், அரை அடி உரிச்சேன், கருப்பு நிக்கவே இல்ல. அந்தப் படகு நின்னது உப்புத்தண்ணி உள்ள வராம தடுக்க கட்டுன தண்ணீர்முக்கம் பண்டுக்கு வடக்க, அங்க காயல்ல உப்பு ஏறும். உப்பு ஈரம் வயரோட வெட்டுன முனையில பூந்து, திரியில எண்ணெய் ஏறுற மாதிரி உள்ளேயே ஏறிக்கிட்டே போகும். அந்த மாதிரி வயர சொரண்டி திருப்பி ஜாயின்ட் போடறது வேஸ்ட். மொத்தமா உருவி எறிஞ்சுருங்க. நான் பாதி வயர காப்பாத்தலாம்னு கஞ்சத்தனம் பண்ணேன், அந்தப் பாதியையும் அப்பறமா மாத்த வேண்டியதா போச்சு.

புது வயர் எதுன்னா, மெல்லிசு இழை நெறைய இருக்கற, ஒவ்வொரு இழையிலயும் வெள்ளீயம் பூசுன செம்பு வயர். தோல உரிச்சா செம்பு நெறத்துல இருக்காது, வெள்ளி மாதிரி மின்னும், அது தான் அடையாளம். சேலத்துல சாதாரண எலக்ட்ரிக்கல் கடையில கேட்டா நம்மள ஒரு மாதிரி பாக்கறாங்க, கொச்சியில போட் சாமான் விக்கிற கடையில சொல்லி பார்சல்ல வரவெச்சேன். விலை ஜாஸ்தி தான். வீட்டு ஒத்தக் கம்பி வயர் மட்டும் வேணாம், எஞ்சின் அதிர்வுல வளைஞ்சு வளைஞ்சு உள்ளயே உடைஞ்சுரும், வெளிய தெரியாது.

அடுத்து கணக்கு. கணக்கு இல்லாம வயர் வாங்காதீங்க. 12 வோல்ட்ல அரை வோல்ட் போனாலே கண்ணுக்கு தெரியும், 230 வோல்ட்ல அரை வோல்ட் போனா யாருக்கும் தெரியாது, அதான் வித்தியாசம். வயர் எவ்ளோ வோல்ட்ட முழுங்கும்னு பாக்க சுலபமான வழி இருக்கு: போக வர மொத்த நீளத்த மீட்டர்ல எடுங்க, 0.0175ஆல பெருக்குங்க, வயரோட ஸ்கொயர் எம்எம்மால (செம்போட தடிமன் அளவு) வகுங்க, வர்றது ஓம்ஸ், அத ஆம்பியரால பெருக்குனா போற வோல்ட். உதாரணத்துக்கு பேனல்ல (ஸ்விட்சும் ஃபியூஸும் இருக்கற பலகை) இருந்து லைட் 8 மீட்டர் தூரம்னா போக வர 16 மீட்டர். 25 வாட் பல்ப் ரெண்டு ஆம்பியருக்கு கொஞ்சம் மேல இழுக்கும். 1 ஸ்கொயர் வயர் போட்டா 0.28 ஓம்ஸ், கிட்டத்தட்ட 0.6 வோல்ட் வழியிலயே போயிருது, அது 5 சதவீதம். ரெண்டரை ஸ்கொயர் போட்டா 0.23 வோல்ட், 2 சதவீதம். படகு வேலைக்காரங்க ஏபிஒய்சிங்கற அமெரிக்க படகு அமைப்போட விதிய பாத்து நேவிகேஷன் லைட் (ராத்திரி நம்ம படக மத்தவங்களுக்கு காட்டுற லைட்), பில்ஜ் புளோயர் (படகோட அடியில தேங்குற ஆவிய வெளிய தள்ளுற ஃபேன்) மாதிரி முக்கியமானதுக்கு 3 சதவீதத்துக்குள்ள, கேபின் லைட் மாதிரி சாதாரணத்துக்கு 10 சதவீதத்துக்குள்ளன்னு வெச்சுக்கறாங்க, நானும் அதையே எடுத்துக்கிட்டேன்.

எல்இடிக்கு மாறிட்டா இந்தக் கணக்கு ரொம்ப லேசாயிரும். பழைய செட்ல பக்க லைட் ரெண்டு (சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு), மேல வெள்ளை ஒண்ணு, கேபின்ல நாலு, ஒவ்வொண்ணும் 10 வாட்னு 70 வாட், அதாவது 6 ஆம்பியர்கிட்ட. அஞ்சு மணி நேரம் எரிஞ்சா 29 ஆம்பியர் அவர் போச்சு. லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு கீழ எறக்குனா ஆயுசு கொறையும், அப்போ 70 ஆம்பியர் அவர் பேட்டரியில நமக்கு கெடைக்கிறது 35 தான், அதுல 29 லைட்டுக்கே. எல்இடி போட்டதும் மொத்தமே 18 வாட், ஒன்றரை ஆம்பியர், அதே அஞ்சு மணி நேரத்துக்கு 7.5 தான். ஆனா ஆம்பியர் கொறைஞ்சுருச்சுன்னு நூல் மாதிரி வயர் போடாதீங்க, மெல்லிசு வயர் கரண்டுக்கு தாங்கும், இழுவைக்கும் அதிர்வுக்கும் தாங்காது. நான் எல்லா லைட்டுக்கும் ஒன்றரை ஸ்கொயர், பம்புக்கு ரெண்டரை, பேட்டரியில இருந்து பேனலுக்கு 10 ஸ்கொயர் போட்டேன்.

எல்இடி வாங்கும்போது டப்பாவுல 10ல இருந்து 30 வோல்ட்னு போட்டிருக்கான்னு பாருங்க, உள்ள கரண்ட சீரா வெக்கிற டிரைவர் இருக்குன்னு அர்த்தம். பைக்குக்கு விக்கிற அம்பது ரூவா எல்இடியில வெறும் ரெசிஸ்டர் தான் இருக்கும், எஞ்சின் ஓடி சார்ஜ் 14.4க்கு ஏறும்போது சூடாகி சீக்கிரம் செத்துரும். பழைய அவுட்போர்டு எஞ்சின் (படகுக்கு பின்னாடி வெளிய மாட்டுறது) சிலதுல ரெகுலேட்டரே இருக்காது, அதுக்கும் மேல ஏறும்.

இப்போ ஃபியூஸ். பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள மெயின் ஃபியூஸ் இருக்கணும். நான் 40 ஆம்பியர் போட்டேன். அப்பறம் மெயின் ஸ்விட்ச், அப்பறம் பேனல், பேனல்ல ஒவ்வொரு லைனுக்கும் தனி பிளேடு ஃபியூஸ், லைட்டுக்கு 5 ஆம்பியர். ஃபியூஸ் பல்ப காப்பாத்த இல்ல, வயர காப்பாத்த, அதனால வயர் எவ்ளோ தாங்கும்னு பாத்து போடணும். "ஃபியூஸ் போயிட்டே இருக்கு, பெருசா போடு தம்பி"ன்னு அண்ணன் சொன்னாரு. அண்ணே, கயித்துக்கு பலம் இல்லைன்னா பக்கெட்ட பெருசாக்குவீங்களான்னு கேட்டேன், அப்பறம் பேசல. எஞ்சின் ஸ்டார்ட்டர் கேபிள் பக்கம் மட்டும் போகாதீங்க, அது கம்பெனி குடுத்தபடியே இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது மெயின் ஸ்விட்ச அணைக்கவும் கூடாது, லாரியில ஆல்டர்னேட்டர் டயோடு போற மாதிரியே இங்கயும் போகும்.

சரி, ரிட்டனுக்கு வர்றேன். நான் பண்ண பெரிய தப்பு இங்க தான். பிளஸ் பக்கம் எல்லாம் சுத்தமா பண்ணிட்டு, மைனஸ் தானேன்னு ஒம்பது வயரையும் ஒரே போல்ட்ல அடுக்கி ஒரு நட்ட இறுக்கி விட்டேன், லாரியில சேசிஸ்ல பண்ற மாதிரி. சாயங்காலம் ஸ்விட்ச் போட்டா எல்லாம் எரியுது, அண்ணனுக்கு ஒரே சந்தோசம், தட்டுவடை செட் வாங்கிட்டு வந்தாரு. திங்கும்போது பில்ஜ் பம்ப் (படகோட அடியில தேங்குற தண்ணிய வெளிய அடிக்கிற பம்ப்) ஸ்விட்ச தட்டுனேன், பச்சை லைட் லேசா மினுக்குது! பச்சை லைட் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு. லாரிக்காரங்களுக்கு இது தெரிஞ்ச கதை தான், டெயில் லாம்ப் எர்த் விட்டுப் போனா பிரேக் அமுக்கும்போது பார்க்கிங் லைட் எரியும், கரண்ட் வீட்டுக்கு போக வழி கெடைக்காம பக்கத்து வீடு வழியா சுத்திட்டு போகும். எல்இடிக்கு துளி கரண்ட் போதும், அதான் மினுக்குது. ஒம்பது லக் (வயர் முனையில மாட்டுற வளையம்) அடுக்குனதுல நடுவுல ஒண்ணு சாஞ்சு சரியா உக்காரல, அவ்ளோ தான்.

அதனால மைனஸுக்குன்னு தனியா ஒரு பஸ்பார் வாங்குங்க, வெள்ளீயம் பூசுன செம்பு பட்டை, ஒரு ஸ்க்ரூவுக்கு ரெண்டு லக்குக்கு மேல வேண்டாம். அதுல இருந்து ஒரே ஒரு தடி கேபிள் பேட்டரி மைனஸுக்கு போகணும், பிளஸ்ஸுக்கு என்ன தடிமனோ அதே தடிமன். நெறைய பேரு பிளஸ்ஸ தடியா போட்டுட்டு மைனஸ மெல்லிசா போடறாங்க, வந்த கரண்ட் அவ்ளோவும் திரும்பிப் போகணும்ல.

ரிட்டன் நல்லா இருக்கான்னு பாக்க டெஸ்ட் லாம்ப் பத்தாது, அது மோசமான கனெக்ஷன்லயும் எரிஞ்சு நம்மள ஏமாத்தும். லைட்ட போட்டு எரியவிட்டுட்டு, மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வெச்சு, ஒரு புரோப பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ண லைட்டோட மைனஸ்லயும் வைங்க. 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. எனக்கு பம்ப் ஓடும்போது அதுக்கு ரொம்ப மேல காட்டுச்சு. அப்பறம் ஒவ்வொரு ஜாயின்ட்டா நெருங்கி வந்தா, எந்த எடத்துல நம்பர் குபீர்னு கொறையுதோ அந்த ஜாயின்ட் தான் திருடன். பிளஸ் பக்கமும் இதே மாதிரி பாக்கலாம்.

ஜாயின்ட் பத்தி. சாதா பிளையர்ல லக்க நசுக்காதீங்க, முழுசா அமுங்குனா தான் விடற ராச்செட் கிரிம்பிங் டூல் வாங்குங்க. மேல போடற ஸ்லீவ் உள்ள பசை இருக்கறதா இருக்கணும், சூடு காட்டுனா ஓரத்துல பசை பிதுங்கி வரும், அப்போ தான் தண்ணி பூராது. சால்டர் மட்டும் வெச்சு நம்பாதீங்க, சால்டர் ஏறுன எடம் கம்பி மாதிரி வெறைச்சுக்கும், அது முடியற எடத்துல அதிர்வுல ஒடியும். கிரிம்ப் பண்ணதும் கையால நல்லா இழுத்துப் பாருங்க, வந்துச்சுன்னா இப்பவே வரட்டும். வயர் போற பாதையில ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப், பலகையில ஓட்டை வழியா போற எடத்துல ரப்பர் குரோமெட், லைட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வயர ஒரு தொங்கல் விட்டு மேல ஏத்துங்க, வழிஞ்சு வர்ற தண்ணி அந்த தொங்கல்ல சொட்டிரும். படகோட அடியில தண்ணி தேங்குற எடத்துக்கு கிட்ட எந்த ஜாயின்ட்டும் வேண்டாம்.

இந்த பில்ஜ் பம்ப் மட்டும் மெயின் ஸ்விட்சுக்கு முன்னாடி, பேட்டரியில இருந்து நேரா, தனி ஃபியூஸோட வரணும். ஏன்னா படகு கட்டிப்போட்டு வீட்டுக்கு போயிருவோம், மெயின் ஆஃப், ராத்திரி மழை கொட்டும், அப்போ ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணி ஏறுனா மிதந்து ஆன் ஆகுறது) தூக்கி பம்ப் தானா ஓடணும். ஃப்ளோட் ஸ்விட்ச் பிளஸ் லைன்ல வரும். ஃபியூஸ் சைஸ் பம்ப் மேலயே போட்டிருக்கும்.

பெட்ரோல் எஞ்சினா இருந்தா இன்னொண்ணு. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், கீழ போயி தேங்கும். டேங்க் இருக்கற அறையில ஸ்விட்ச், ரிலே, பொறி வர்ற எதுவும் கூடாது, வெச்சே ஆகணும்னா பொறி வெளிய வராதபடி சீல் பண்ணி படகுக்குன்னே செஞ்ச சாமான் மட்டும். நான் பேட்டரிய கூட டேங்க் அறையில இருந்து இந்தப் பக்கம் மாத்திட்டேன்.

நேவிகேஷன் லைட்டுக்கு வருவோம், இது அலங்காரம் இல்ல. 1972ல வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிப்படி 12 மீட்டருக்கு கொறைஞ்ச மோட்டார் படகுக்கு இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, அப்பறம் சுத்தி எல்லாப் பக்கமும் தெரியற வெள்ளை ஒண்ணு போதும். வெள்ளை லைட் பக்க லைட்ட விட குறைஞ்சது ஒரு மீட்டர் ஒசரத்துல இருக்கணும். சிவப்பும் பச்சையும் ஒவ்வொண்ணும் நேர் முன்னாடியில இருந்து 112.5 டிகிரி வரைக்கும் தான் தெரியணும், அதாவது பக்கவாட்டுல நேரா 90, அப்பறம் பின்னாடி இன்னும் 22.5. எதிர்ல வர்றவன் இத வெச்சு தான் நாம எந்தப் பக்கம் போறோம்னு கண்டுபிடிக்கிறான். உள்நாட்டு நீர்வழிக்கு 2021 உள்நாட்டு கலன்கள் சட்டம் இருக்கு, பதிவு, சர்வே எல்லாம் படகு நிக்கிற ஊரு ஆபீஸ்ல கேட்டுக்குங்க.

பழைய சிவப்பு, பச்சை கண்ணாடிக்குள்ள வெள்ளை எல்இடி பல்ப மாட்டாதீங்க. குண்டு பல்புக்கு செஞ்ச கண்ணாடி அது, நீலம் கலந்த வெள்ளை எல்இடி போட்டா சிவப்பு ரோஸா தெரியும், பச்சை நீலமா தெரியும். வெளிச்சம் கெளம்புற எடமும் மாறிப்போறதால டிகிரியும் தப்பும். முழு லைட்டையும் மாத்தி, சீல் பண்ண எல்இடி செட்டா வாங்கிருங்க.

டிகிரி சரியான்னு நாங்க பாத்த விதம் சொல்றேன். ராத்திரி செட்டுக்கு வெளிய காலி எடத்துல படக நிறுத்தி, லைட் இருக்கற எடத்துக்கு நேர் கீழ ஆணி அடிச்சு 10 மீட்டர் கயிறு கட்டி, கயித்த புடிச்சுக்கிட்டு அண்ணன் சுத்தி நடந்தாரு. செங்கோணத்த கொத்தனாரோட மூலை மட்டம் வெச்சு சுண்ணாம்புல போட்டுட்டு, அதுக்கு பின்னாடி இன்னொரு செங்கோணத்துல கால் பங்கு தள்ளி கோடு. சிவப்பு அந்தக் கோட்டுல மறையணும், முன்னாடி நேர்ல நின்னா ரெண்டும் தெரியணும். எங்களுக்கு பச்சை மூணு அடி முன்னாடியே மறைஞ்சுது, கேபின் ஓரம் மறைக்குது, பிராக்கெட்ட வெளிய தள்ளி வெல்ட் பண்ணாரு. நாய்ங்க வேற பின்னாடியே சுத்துச்சு.

மேல வெள்ளை லைட் கழட்டி மாட்டுற கம்பத்துல இருந்தா, அந்தக் கம்பத்தோட அடி சாக்கெட் தான் முதல்ல கெடும், அங்க சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. லைட்டுக்கு கீழ ஒரு கருப்பு தட்டு மாதிரி வெச்சா கேபின் கூரையில பட்டு ஓட்டறவர் கண்ணுல அடிக்காது.

கேபின் உள்ள ட்யூப் லைட் மாதிரி பளிச்னு வேணும்னு அண்ணனுக்கு ஆசை. ஏற்காடு மலையில பனி எறங்குன ராத்திரி, இருவது கொண்டை ஊசி வளைவுல கார் உள் லைட்ட போட்டுட்டு எறங்கிப் பாருங்கண்ணே, கண்ணாடியில நம்ம மூஞ்சி தான் தெரியும்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாரு. படுக்குற எடத்துல மஞ்சள் வெளிச்சம், ஓட்டற எடத்துல மங்கலா சிவப்பு, ரெண்டுக்கும் தனி ஸ்விட்ச், அவ்ளோ தான். மொபைல் சார்ஜருக்கும் தனி ஃபியூஸ் குடுத்துருங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஓஸ் பைப்ப எடுத்து மேல இருந்து கீழ வரைக்கும் பத்து நிமிஷம் தண்ணி அடிங்க, எல்லா லைட்டும் எரியும்போதே. அப்பறம் ஒவ்வொண்ணா தொறந்து உள்ள ஈரம் இருக்கான்னு பாருங்க. மறுபடி அந்த வோல்ட் டெஸ்ட். தண்ணியில பத்து மணி நேரம் ஓடுனப்பறம் பஸ்பார் ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு தடவ இறுக்கணும், அதிர்வுல கண்டிப்பா ரெண்டு மூணு லூசாகியிருக்கும்.

கடைசியா லேபிள். வயரோட ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் ஒட்டி, அந்த சார்ட்ட லேமினேட் பண்ணி பேனல் மூடி உள்பக்கம் ஒட்டுனேன். பேனல்ல பேரெல்லாம் அழகா தமிழ்ல எழுதி முடிச்சப்பறம் தான், அங்க படகு ஓட்டற ஸ்ராங்கு சேட்டனுக்கு தமிழ் பேச வரும், படிக்க வராதுன்னு அண்ணன் சொல்றாரு. சேட்டனுக்கு ஃபோன் போட்டு, அவரு மலையாளத்துல எழுதி வாட்ஸ்அப்ல அனுப்புன போட்டோவ பாத்து ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சு திருப்பி ஒட்டுனேன். பில்ஜ் பம்ப் ஸ்விட்ச் மேல மட்டும் ரெண்டு மொழியிலயும் இருக்கு.